கேட்காமல் விட்ட கேள்வி

சென்ற மாதம் ஒரு சோதனையை நீக்கினேன். கம்பைலர் ஒன்றின் உள்ளே இருந்த ஒரே ஒரு வரிச் சோதனை. அதை நீக்கியதால் எவருக்கும் தீங்கு வரவில்லை. வராது என்பதை என்னால் நிரூபிக்கவும் முடியும். இருந்தும் அந்தக் காரியம் ஒரு உறுத்தலாக மனசில் தங்கிவிட்டது. நீக்கப்பட்ட வரி என்னை உறுத்தவில்லை, நீக்கும்போது எனக்கிருந்த சௌகரியமான மனநிலைதான் உறுத்தியது என்று பின்னால் தெரிந்தது.

இதை இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. தன் குறையைத் தனக்குச் சொல்லவென்றே தான் நியமித்துக்கொண்ட ஒரு குரலை மனிதன் எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை. ஆனால் அவர்கள் தொழிலில் அது ஒளிக்க முடியாத துல்லியத்தோடு வெளிப்படுகிறது. நம்முடைய விவகாரங்களில் குரல் எந்த இடத்தில் நின்றது என்பதே தெரியாமல் போய்விடும். அங்கே வரி எண்ணோடு தெரியும்.

கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. 1970களின் துவக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ஸி மொழி, ப்ரோக்ராம் எழுதுகிறவனை விவரம் தெரிந்தவனாக நடத்தும் மொழி. நூறு அறைகள் கேட்டு வாங்கிக்கொண்டு நூற்றோராவது அறையில் எழுதப்போனால் அது தடுக்காது. வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அங்கேயே போய் நின்றாலும் தடுக்காது. அதற்குள் அங்கே வேறு யாராவது குடிவந்திருக்கக்கூடும். பிழை நடந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. வெகுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில், ஒரு தப்பான விடையாகவோ திடீர் மரணமாகவோ வெளிவரும். ஸியும் அதன் வாரிசான ஸி ப்ளஸ் ப்ளஸ்ஸும் புழங்குகிற இடமெல்லாம் இந்தக் கஷ்டம் உண்டு.

இவற்றைக் கையும் களவுமாகப் பிடிக்க கூகுளில் சிலர் செய்த காவலாளிக்கு அட்ரஸ் ஸானிடைஸர் என்று பெயர். 2012இல் எல்எல்விஎம் 3.1இலும், 2013இல் ஜிசிசி 4.8இலும் இது சேர்ந்தது. உபாயம் எளிமையானது. ப்ரோக்ராம் பயன்படுத்தும் நினைவகத்தில் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் நிழலாக ஒரு பைட் தனியே வைக்கப்படுகிறது. எந்த இடத்தைத் தொடுமுன்னும் அதன் நிழலைப் பார்த்துத் தொடலாமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு இடத்தின் இரு ஓரங்களிலும் கால் வைக்கக்கூடாத தரிசு விடப்படுகிறது. திருப்பித் தரப்பட்ட இடம் உடனே இன்னொருவருக்குப் போகாமல் சிறிது காலம் தனித்து வைக்கப்படுகிறது. இதற்கெல்லாம் விலை, ப்ரோக்ராம் ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓடும். க்ரோமியம் உலாவியில் மட்டும், யாரும் அதுவரை அறிந்திராத 300க்கு மேற்பட்ட பிழைகளை இது காட்டிக்கொடுத்ததாக 2012இல் அதை எழுதியவர்களே அறிவித்தார்கள்.

இந்தக் காவலாளிக்கும் ஒரு பலவீனம் உண்டு. ப்ரோக்ராம் அடிக்கடி கீழே இருக்கும் அமைப்பிடம் ஏதாவது கேட்கும். அமைப்பு ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து தரும். எத்தனை பைட் பூர்த்தியாயிற்று என்று காவலாளிக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது நிழலைச் சரியாகக் குறிக்க முடியாது. ஆகவே அந்தப் படிவங்களுக்கெல்லாம் தன்னிடம் சொந்தமாக ஒரு நகல் வைத்திருக்கிறது. நகல் வைத்திருப்பவன் எவனுக்கும் உள்ள அபாயம் இதற்கும் உண்டு. மூலம் ஒருநாள் மாறிவிடும், நகல் பழைய நம்பிக்கையிலேயே இருக்கும்.

எழுதியவர்கள் இதை எதிர்பார்த்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். காவலாளி கட்டப்படும்போதே ஒவ்வொரு படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் மூலத்தோடு அளந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அளவு ஒன்றா, இருக்குமிடம் ஒன்றா? பொருந்தினால் ஒரே ஒரு அறை கொண்ட வரிசை ஒன்று அறிவிக்கப்படும், யாருக்கும் உபயோகமில்லாமல் அது மறைந்துபோகும். பொருந்தாவிட்டால் மைனஸ் ஒன்று அறைகள் கொண்ட வரிசை அறிவிக்கப்படும். அப்படியொரு வரிசை உலகத்தில் இருக்க முடியாது. கம்பைலர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் உண்மை ஒன்றாகவும் பொய் மைனஸ் ஒன்றாகவும் மாறும் சின்னக் கணக்கு இது. பொய்யான ஒரு நிலையை இருக்கவே முடியாத ஒரு பொருளாக மாற்றிக் காட்டுவதைப்போல நேர்மையான உபாயத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய ஸிக்காரர்களின் கைவேலை.

என் கதை இதுதான். வேறொருவர் எழுதி, அவர் ஓய்வுபெற்றும் போன ஒரு கணக்கீட்டு ப்ரோக்ராம் என் பொறுப்பில் இருக்கிறது. புதிய கம்பைலரில் அதன் விடைகள் கடைசி இலக்கங்களில் மாறின. பழைய விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க, 2019இல் வந்த ஜிசிசி 8.3ஐ ஒரு புதிய இயந்திரத்தில் கட்ட வேண்டியிருந்தது. ஜிசிசி தன்னைத்தானே மூன்று தடவை கட்டிக்கொள்ளும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் இந்தக் காவலாளியின் முறை. மணிக்கணக்கில் ஓடி, நடுநிசிக்கு மேல், மைனஸ் ஒன்று அறைகளில் வந்து நின்றது.

தேடிப் பார்த்தேன். ப்ரோக்ராம்கள் தங்களுக்குள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் காலத்திலிருந்து ஒரு ஏற்பாடு இருந்துவருகிறது. யாருக்கு என்ன அனுமதி என்று அதற்கொரு சிறு படிவம். அதில் அனுமதியைக் குறிக்கும் ஒரு கட்டம். அனுமதிக்கென்று தேவைப்படுவது ஒன்பது பிட்தான். இன்டெல் வகை இயந்திரங்களில் அதற்கு 16 பிட் ஒதுக்கி, அடுத்த 16 பிட்டை வெறுமனே நிரப்பிவைத்திருந்தார்கள். 2020 பிப்ரவரியில் வந்த ஜிலிப்சி 2.31, போஸிக்ஸ் தரத்துக்கு ஒத்துவரும்படி அந்தக் கட்டத்தை 32 பிட் ஆக்கிற்று. பக்கத்திலிருந்த காலி இடத்தை அது விழுங்கிக்கொண்டது. படிவத்தின் மொத்த நீளம் மாறவில்லை. அடுத்த கட்டம் நகரவில்லை. 2019இன் காவலாளியிடம் இருந்த நகலில் மட்டும் இன்னும் 16.

காவலாளி சொன்னது உண்மை. நகலும் மூலமும் பொருந்தவில்லை. ஆனால் அந்த உண்மையால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள, ஒழுக்கம் பேசுகிறவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. எனக்கும் இருந்தது.

இரவு ஒரு மணிக்கு ஒழுக்கம் பேசத் தோன்றாது. முதலில் எனக்குத் தோன்றியது இன்னும் சுலபமான வழி. ஜிசிசியைக் கட்டத் தொடங்கும்போதே காவலாளி முழுவதும் வேண்டாம் என்று சொல்லிவிட ஒரு சொடுக்கு இருக்கிறது. அநேகம் பேர் அதைத்தான் செய்கிறார்கள். விரல்கள் அதை அடித்துக்கூட விட்டன. அப்புறம் அழித்தேன். ஒரு கேள்வி ஒத்துவரவில்லை என்பதற்காகக் கேட்கிறவனையே வீட்டுக்கு அனுப்புவது கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

எனவே அந்த ஒரு வரி. அதை எடுக்குமுன் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தேன். அதே படிவத்தைப் பற்றி வேறு சோதனைகளும் அங்கே வரிசையாக இருந்தன: மொத்த நீளம், சாவி, உரிமையாளர், குழு, உண்டாக்கியவர், அவர் குழு, கடைசியில் வரிசை எண். எல்லாம் தேறின. சர்ச்சைக்குரிய கட்டத்துக்கு அடுத்து நிற்கும் வரிசை எண் அசையாமல் தன் இடத்திலேயே இருப்பதை அந்தச் சோதனைகளே சாட்சி சொல்லின. காவலாளி அந்த அனுமதிக் கட்டத்தின் மதிப்பை எங்காவது படிக்கிறதா என்று தேடினேன். படிக்கவில்லை. படிவத்தின் மொத்த நீளத்தைத்தான் பயன்படுத்துகிறது. இதற்குப் பிறகுதான் வரியை எடுத்தேன். கம்பைலர் மேலே சென்றது. கடிகாரம் இரண்டேகால்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். கவிதை எழுதுகிறவர். கம்ப்யூட்டரைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கிற வகை. அவர் நிதானமாகக் கேட்டார்: “பதில் பிடிக்கவில்லை என்று கேள்வியை அழித்திருக்கிறீர், இல்லையா?” இல்லை என்று உடனே சொன்னேன். கேள்விக்குள் பழசாகிப்போன ஒரு தகவல் இருந்தது, அந்தக் கேள்வி இன்றைய உலகத்தை நோக்கிக் கேட்கப்படவில்லை என்றேன். “எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்?” என்றார். அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

அவர் சொன்னது வெறும் சாமர்த்தியமில்லை. டெபியன் விவகாரம் அப்படித்தான் நடந்தது. ஓபன் எஸ்எஸ்எல் என்பது ரகசியச் சாவிகளை உண்டாக்கும் நூலகம். ஊகிக்க முடியாத எண்களைச் சேகரித்துக் கலக்குவது அதன் உயிர்நாடி. வால்கிரிண்ட், ப்யூரிஃபை போன்ற பிழைதேடும் கருவிகள் அதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டேயிருந்தன: யாரும் எழுதாத நினைவகத்தை இது படிக்கிறது என்று. புகார் உண்மை. கலப்படத்தில் சேர்வதுதானே, குப்பையாக இருந்தால் என்ன என்று எழுதியவர்கள் விட்டிருந்தார்கள். 2006இல் டெபியனில் அந்தப் பொட்டலத்தைப் பராமரித்தவர் புகாரை நிறுத்த ஒரு வரியை இரண்டு இடங்களில் எடுத்துவிட்டார். இரண்டிடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரி. ஓரிடத்தில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மற்ற இடத்தில், வெளியிலிருந்து வரும் அத்தனை தற்செயலும் உள்ளே நுழையும் வாசல் அதுதான். வாசல் சாத்தப்பட்ட பிறகு எஞ்சியது, ஓடும் ப்ரோக்ராமுக்கு அமைப்பு கொடுக்கும் எண் மட்டும். அது 32,768க்கு மேல் போவதில்லை. 2008 மே 13ஆம் தேதி அறிவிப்பு வரும்வரை, ஏறக்குறைய இரண்டு வருஷம், டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் உண்டான சாவிகள் எல்லாம் ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடங்கிக் கிடந்தன. ஒருவரும் கவனிக்கவில்லை. சாவிகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

அவரை அசட்டையானவர் என்று சொல்ல முடியாது. கேட்டுவிட்டுத்தான் செய்தார், தடை சொன்னவர்களும் இல்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொரு சின்ன விவரம். தீங்கற்ற அந்த முதல் இடத்தில், மூல ஆசிரியர்கள் பக்கத்திலேயே ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள், ப்யூரிஃபை இதைக் குறைசொல்கிறது என்று. அந்தக் கருவியோடு சேர்த்துக் கட்டும்போது மட்டும் அந்த வரி விலகிக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. உயிர்நாடியான இடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவர்களுக்கு அது அவ்வளவு வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும். வெளிப்படையான விஷயத்தை யார் எழுதிவைக்கிறார்கள்?

ஏரியன் 5 இதைவிடப் பெரிய சத்தத்தோடு வெடித்தது. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் கூரூ. புறப்பட்டுச் சுமார் 40 வினாடியில், ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில், நான்கு க்ளஸ்டர் செயற்கைக்கோள்களோடு சிதறியது. திசைகாட்டும் அமைப்பில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கும் ஓரிடம். எண் பெரிதாகிவிட்டது, கொள்ளவில்லை. இப்படி ஆபத்தாகக்கூடிய எண்கள் ஏழு இருந்தன. நான்குக்குக் காவல் போட்டிருந்தார்கள், மூன்றுக்குப் போடவில்லை. கம்ப்யூட்டரின் வேலைப்பளு 80 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனை. அந்த மூன்றும் அளவு மீறாது என்று யோசித்துத்தான் முடிவு செய்திருந்தார்கள். ஏரியன் 4ஐப் பொறுத்தவரை அந்த யோசனை சரி. அதே ப்ரோக்ராம் ஏரியன் 5க்குள் ஏற்றப்பட்டபோது பாதை வேறு, பக்கவாட்டு வேகம் பல மடங்கு. விசாரணைக் குழுவின் அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த மூன்றையும் காவலின்றி விட்டதன் நியாயம் மூல நிரலில் எங்கும் குறிக்கப்படவில்லை, மலையளவு ஆவணங்களுக்குள் அது வெளியார் கண்ணுக்குப் படாமல் போயிற்று, யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை என்ற பொருளில் அந்த அறிக்கை பேசுகிறது.

வேண்டுமென்று மறைக்கவில்லை. இந்த இடத்தில் நான் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் அடுத்தவன் குற்றத்தைப் பட்டியலிடும் காரியமாகிவிடும்.

பல வருஷங்களுக்கு முன் நான் வேலைபார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு ப்ரோக்ராம் தினமும் ஒரே எச்சரிக்கையைக் கக்கிக்கொண்டிருந்தது. ஆராய்ந்தேன். அன்றைய நிலையில் அது பொய் எச்சரிக்கைதான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எங்கும் எழுதவில்லை. எனக்குத் தெரியும், அது போதும் என்றிருந்தது. இரண்டு வருஷம் கழித்து, புதிதாக வந்த ஓர் இளைஞன் பக்கத்திலிருந்த ஒன்றை மாற்றினான். மாற்றம் சரியானதுதான். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு என் பழைய எச்சரிக்கை உண்மையாகியிருக்கும், அது மட்டும் வாய் திறக்க முடிந்திருந்தால். விடைகள் தப்பாக வர ஆரம்பித்தன. மூன்று வாரம் தேடினார்கள். பழி அந்த இளைஞன் மேல் விழுந்தது, அவன்தானே கடைசியாகக் கைவைத்தவன். கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கே தேடவேண்டும் என்று முதல் வாரக் கடைசியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. யதேச்சையாகக் கண்டுபிடித்ததுபோல் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் அவர்களைத் திருப்பினேன். நிறுத்தியது நான் என்று சொல்லவில்லை. அவன் அந்த வருஷமே வேலையை விட்டுப் போனான்.

எச்சரிக்கையை நிறுத்தியது ஒரு தொழில்முறை முடிவு, வாய்மூடி இருந்தது வேறு ரகம் என்று பிரித்துப் பார்த்து நெடுநாள் சமாதானம் தேடியிருக்கிறேன். இப்போது அந்தப் பிரிவில் எனக்கு நம்பிக்கை குறைந்துவருகிறது. குறிப்பு எழுதாமல் விட்ட அன்றே இரண்டாவதுக்கும் இடம் பண்ணிவைத்திருந்தேன். குறிப்பு இருந்திருந்தால் ஒளிந்துகொள்ள இடமே இருந்திருக்காது.

டோனி ஹோர் 1980இல் ட்யூரிங் பரிசுச் சொற்பொழிவில், எலியட் கம்ப்யூட்டருக்காகத் தாங்கள் செய்த அல்கால் 60 கம்பைலரைப் பற்றிச் சொல்கிறார். அது ஓடும்போதே ஒவ்வொரு வரிசை எண்ணும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தது. வேகத்துக்காக இந்தச் சோதனையை அணைக்க வசதி வேண்டுமா என்று பல வருஷம் கழித்து வாடிக்கைக்காரர்களைக் கேட்டபோது, ஒருமிக்க வேண்டாம் என்றார்களாம். சோதனை இல்லாவிட்டால் தங்கள் ப்ரோக்ராம்கள் எவ்வளவு தப்பு செய்யும் என்று அவர்களுக்கு அனுபவம் ஆகியிருந்தது. மனதுக்கு நிறைவான கதை. ஆனால் என் விஷயத்துக்கு இது உதவாது. எல்லையைப் பார்க்கும் கேள்வி என்றைக்கும் பழசாவதில்லை, ஏனென்றால் எல்லை எவ்வளவு என்பதை அந்த ப்ரோக்ராமிடமிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. நான் நீக்கியது நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி. இந்த ரகம் நிச்சயம் பழசாகும். இரண்டையும் ஒரே பக்தியோடு கும்பிடுகிறவர்கள், சோதனை எதையும் தொடக்கூடாது என்கிறவர்கள், கேள்வி எங்கிருந்து தன் அளவைப் பெறுகிறது என்று பார்ப்பதில்லை. (நம் விமர்சகர்கள் சிலர் ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு நாவலின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புது நாவல்களை அளக்கும்போது எழும் மைனஸ் ஒன்றுகளை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கருவி பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே பொருந்துவதில்லைதான்.)

எல்எல்விஎம்காரர்கள் தங்கள் மூலத்தில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பிறகு பார்த்தேன். நகலை 32 பிட்டுக்கு மாற்றினார்கள். அப்படிச் செய்ததும், பழைய ஜிலிப்சி வைத்திருப்பவர்களுக்கு அதே சோதனை பொருந்தாமல் போகும். ஆகவே லினக்ஸில் ஜிலிப்சி 2.31 முதல் மட்டும் கேள்வி கேட்கப்படும் என்று நிபந்தனை போட்டார்கள். 2.30 வரை அநேக இயந்திரங்களில் அந்தக் கட்டம் 16 பிட்டாக இருந்தது என்று காரணத்தை அங்கேயே எழுதிவைத்தார்கள். அவர்களும் ஒரு பக்கத்தாருக்குக் கேள்வியை நிறுத்தத்தான் செய்திருக்கிறார்கள். எந்தப் பக்கம், எதனால், எதுவரை என்பதெல்லாம் அடுத்து வருகிறவன் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. நண்பரின் கேள்விக்கு, எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள் என்றதற்கு, இதைத்தான் பதிலாகச் சொல்வேன். எல்லோரும் சொல்வார்கள்தான், ஆனால் சொன்னதை மற்றவன் சரிபார்க்கும்படி அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்களா என்று பார்க்கவேண்டும். அவர் இதைப் போதாது என்பார். நகலைப் புதுப்பிக்காமல் வெறும் வரியை எடுத்தவன்தானே நீ என்பார். அதுவும் சரி.

மறுநாள் சாயங்காலம் அந்தக் கோப்பை மறுபடி திறந்தேன். எடுத்த வரியைத் திரும்ப வைத்து, ஜிலிப்சி 2.31க்கு முந்தியவற்றில் மட்டும் அது கேட்கப்படும்படி நிபந்தனை எழுதினேன். கீழே குறிப்பு: தேதி, கட்டத்தின் பெயர், 16 எப்போது 32 ஆயிற்று, அக்கம்பக்கத்துச் சோதனைகள் தேறின என்பது. எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு எண்ணின் பெரிய பாதி முன்னால் வரும்படி பைட்டுகளை அடுக்கும் இயந்திரங்களும் உண்டு. அங்கே இந்த அகலப்படுத்தல் நடந்திருந்தால் பழைய மதிப்பு தவறான பாதியில் உட்கார்ந்திருக்கும். வராது என்று என்னால் நிரூபிக்க முடியும் என்று ஆரம்பத்தில் எழுதினேனே, அந்த நிரூபணம் என் மேஜைமேல் இருந்த இயந்திரத்துக்கு மட்டும்தான் செல்லும். அதையும் சேர்த்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அந்த இளைஞன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் எழுதவில்லை.